மல்லாந்தவன் கட்டிய கோட்டை

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அருகே, பீமன் அருவி என்று ஓர் அருவி இருக்கிறது. பீமனுடைய பெயரைத் தாங்கிய பாறையோ பள்ளமோ இல்லாத மலை நம் தேசத்தில் அபூர்வம். மனித சக்திக்கு மீறியதாகத் தோன்றும் எதையும் பீமசேனன் கணக்கில் எழுதிவிடுவது நம் ஜனங்களின் வழக்கம். வில்லுக்கு விஜயன், வெறுங்கைக்குப் பீமன். விராட நகரத்தில் மடைப்பள்ளியில் மறைந்திருந்த காலத்தில் ஜீமூதன் என்ற மல்லனைத் தூக்கிச் சுழற்றிக் கொன்றதும், மகதத்தில் ஜராசந்தனோடு பல நாள் கட்டிப் புரண்டு கடைசியில் அவன் காலைப் பற்றிக் கிழித்ததும், பாரதம் படிக்கும் வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதைகள்.

அப்பேர்ப்பட்ட பீமனுக்கே ஒரு சங்கடத்தை நாம் கற்பனை செய்து பார்க்கலாம். எதிரியைக் கீழே தள்ளியாயிற்று. அவன் மல்லாந்து கிடக்கிறான். பீமன் அவன்மேல் பாய்ந்து மண்டியிடுகிறான். ஆனால் கீழே கிடப்பவனோ தன் இரு கால்களாலும் பீமனுடைய இடுப்பை வளைத்து, முதுகுக்குப் பின்னால் கணுக்கால்களைப் பின்னிப் பூட்டிக்கொள்கிறான். இப்போது ஜயித்துக்கொண்டிருப்பவன் யார்?

நம் நாட்டுக் கோதாவில் கேட்டால், 'இது என்ன கேள்வி? முதுகு மண்ணில் பட்டவன் தோற்றான்' என்பார்கள். பிரேஸில் தேசத்து ஜுஜுத்ஸு பயின்றவரைக் கேட்டால், 'இனிமேல்தான் சண்டையே ஆரம்பம்' என்பார். இந்த நிலைக்கு 'குளோஸ்டு கார்டு' என்று பெயர். மூடிய காவல் என்று நாம் சொல்லிக்கொள்வோம். கீழே இருப்பவன் கட்டிய அந்தக் கோட்டையிலிருந்து மேலே இருப்பவன் எப்படி வெளியேறுவது? எழுந்து நின்றா, மண்டியிட்டபடியேவா? இதைப் பற்றி அந்த வித்தைக்காரர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டு பயில்வான்கள் கட்டிப் பிடிக்கும் விவகாரத்தில் நமக்கு என்ன என்று நேயர்கள் நினைக்கலாம். நம் தேசத்துப் பெண் ஒருவர் ஒரு சர்வதேசப் பட்டத்தைக் கைக்கு எட்டிய தூரத்தில் இழந்தது இந்தக் கோட்டை வாசலில்தான்.

ஹரியானாவில் பலாலி கிராமத்தில் மகாவீர் சிங் போகாட் தம் பெண்களுக்கு மல்யுத்தம் கற்பித்த வரலாறு 2016-ல் 'தங்கல்' என்ற திரைப்படமாகவே வந்துவிட்டது. அந்தப் பெண்களில் ஒருவர் ரிது போகாட். 2016-ல் காமன்வெல்த் மல்யுத்தப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றவர். 2019-ல் அவர் மல்யுத்தக் கோதாவை விட்டு, குத்து, உதை, பிடி எல்லாவற்றுக்கும் இடமுள்ள கலப்புப் போர்முறைக்கு மாறினார். 2021 டிசம்பர் 3-ந் தேதி சிங்கப்பூரில் பெரும் போட்டியொன்றின் இறுதிச் சுற்று. எதிரி தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ். அவர் குத்திலும் உதையிலும் பேர்போனவர். ஆகவே நின்று சண்டையிட்டால் தாய்லாந்துப் பெண்ணுக்கு ஜயம், தரைக்கு வந்தால் நம் பெண்ணுக்கு ஜயம் என்றே பலரும் கணக்குப் போட்டிருந்தார்கள். ரிது தமக்குத் தெரிந்த வித்தையைச் சரியாகவே செய்தார். எதிரியைத் தரைக்குக் கொண்டு வந்தார். ஆனால் இரண்டாவது சுற்றில், கீழே கிடந்த ஸ்டாம்ப் கால்களை உயர்த்தி முக்கோணமாக வளைத்துக் கழுத்தை நெரிக்கப் பார்த்தார். பிறகு ரிதுவின் கையை நீட்டி, முழங்கையைப் பூட்டிவிட்டார். மேலே இருந்தவர் தோற்றார்.

இது நம் பெண்ணுக்கு மாத்திரம் நேர்ந்த விபத்து அன்று. 1994 டிசம்பரில் அமெரிக்காவில் டான் ஸெவர்ன் என்ற பெயர்பெற்ற மல்யுத்த வீரர், தம்மைவிட மிகவும் எடை குறைந்த ராய்ஸ் கிரேஸி என்ற பிரேஸில்காரர்மேல் சுமார் கால் மணி நேரம் படுத்து அழுத்திக்கொண்டிருந்தார். பார்த்தவர்களில் பாதிப் பேர் கிரேஸிக்காக அநுதாபப்பட்டிருப்பார்கள். கடைசியில் கிரேஸியின் கால்கள் மெல்ல மேலேறி ஸெவர்னுடைய கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்துப் பின்னிக்கொண்டன. ஸெவர்ன் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

தேர்ந்த மல்லர்கள் இந்த இடத்தில் திகைப்பதன் காரணம் பலக் குறைவல்ல, சட்டத்தின் விளைவு. மல்யுத்தத்தில் முதுகு தரையில் பட்டால் தோல்வி. ஆகையால் கீழே சிக்கிய மல்லன் ஒருபோதும் மல்லாக்கப் படுக்கமாட்டான். குப்புறப் படுத்துப் பூமாதேவியைக் கட்டிக்கொள்வான். காமா பயில்வானுடைய சரித்திரம் அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1910 செப்டம்பர் 10-ந் தேதி லண்டனில் போலந்துக்காரரான ஸ்பிஸ்கோவை அவர் எதிர்த்தார். ஆரம்பத்திலேயே கீழே கொண்டுவரப்பட்ட ஸ்பிஸ்கோ, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு கிடந்தார். காமாவின் புஜபலம் முழுவதும் செலவிட்டும் அந்த ஆளைப் புரட்ட முடியவில்லை. ஜயம் தோல்வி இல்லாமலே ஆட்டம் நின்றது. ஒரு வாரம் கழித்து மறு போட்டிக்கு நாள் குறித்தார்கள், ஸ்பிஸ்கோ வரவேயில்லை! 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது காமாவுக்கு ஒரு நிமிஷங்கூடத் தேவைப்படவில்லை.

நமது கோதாவின் சட்டத்தில் வளர்ந்தவனுக்கு, மல்லாந்த எதிரியைக் கண்டதும் 'காரியம் முடிந்தது' என்ற நிம்மதி ரத்தத்திலேயே ஊறிப்போயிருக்கிறது. அந்த நிம்மதியில் அவன் தலை குனிகிறது, மார்பு எதிரியின் மார்போடு படிகிறது. காவலில் கிடப்பவன் வேண்டிக் காத்திருப்பதும் இதைத்தான்.

மல்லாந்து கிடந்து சண்டையிடும் சாஸ்திரம் ஜப்பானிலிருந்து புறப்பட்டது. கானோ ஜிகோரோ 1882-ல் டோக்கியோவில் கோடோகான் என்ற ஜூடோ கலாசாலையை நிறுவினார். அதில் பயின்ற மாயேதா மித்ஸுயோ 1904-ல் தாய்நாட்டைவிட்டுக் கிளம்பி, தேச தேசமாகப் பந்தயச் சண்டையிட்டு, 1914-ல் பிரேஸிலை அடைந்து, அமேஸான் முகத்துவாரத்தில் உள்ள பெலெம் நகரத்தில் குடியேறினார். அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேஸி. கார்லோஸும் அவருடைய தம்பிகளும் தரைச் சண்டையையே தொழிலாகவும் குல வித்தையாகவும் வளர்த்தார்கள். ஜப்பானிலோ வேறொரு கிளை வளர்ந்தது. 1914 முதல் கியோட்டோவில் உயர்தரப் பள்ளி மாணவர்களுக்கு நடந்த பந்தயங்களில், எதிரியை வீழ்த்தாமலே தரைக்கு இழுத்துக்கொண்டு போக அநுமதி இருந்தது. படிப்பில் மூழ்கிய பிள்ளைகளுக்கு நின்று வீழ்த்தும் கலை கைவர வருஷங்கள் ஆகும். தரையில் பூட்டும் கலை சற்றுச் சீக்கிரம் வரும். கால்களால் கழுத்தை முக்கோணமாக நெரிக்கும் யுக்தி இந்தப் பள்ளிப் பிள்ளைகளிடையேதான் பேர்பெற்றது. கோடோகான் பெரியவர்கள் இதை ரசிக்கவில்லை. 1925-ல் தரைக்கு இழுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். இன்றைய ஜூடோவில் கால்களைப் பின்னி எதிரியின் உடலை இறுக்கி நெருக்குவது குற்றம்.

இந்த வித்தை நம் நாட்டுக்குப் புதிது என்றும் சொல்வதற்கில்லை. சுதேசி இயக்கம் எழுந்த 1905-லேயே ஸானோ என்ற ஜப்பானியர் சாந்திநிகேதனத்துக்கு வந்தார். 1929-ல் மகாகவி தாகூர், கோடோகானில் பயின்ற தாககாகி ஷின்ஸோவை வரவழைத்தார். ஆண்களோடு பெண்களும் அங்கே பயின்றார்கள் என்பது விசேஷம். பொருளாதார அறிஞர் அமர்த்தியா ஸென் தம் அன்னை அமிதா ஸென் சாந்திநிகேதனத்தில் ஜூடோ கற்றதைப் பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறார். பெண் பிள்ளைகள் வீட்டுத் திண்ணையைத் தாண்டுவதே விவாதத்துக்குரியதாயிருந்த காலம் அது.

எழுவதா, மண்டியிடுவதா?

இரு கட்சியாரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடவேண்டும். முதுகு நிமிராமல் எந்த வழியும் வழியாகாது. ஜவ்வாது மலைச் சரிவில் புளியையோ சாமையையோ தலைச்சுமையாக வைத்துக்கொண்டு இறங்குகிறவர்களின் நடையைப் பாருங்கள். கழுத்து நேர், முதுகு நேர், சுமையின் பாரம் எலும்பின் வழியாக இறங்கி இடுப்பில் உட்கார்ந்துவிடுகிறது. தலை சற்று முன்னே சாய்ந்தாலும் சுமை ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். காவலுக்குள் மாட்டிக்கொண்டவனுக்கு வேண்டிய நிலை அதுவேதான். கீழே இருப்பவன் கழுத்தைப் பிடித்துத் தொங்கும் சுமை. அவன் எந்நேரமும் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டேயிருப்பான். தலை குனிந்துவிட்டால் கழுத்து நெரிக்கும் வழியும், கை முறிக்கும் வழியும், புரட்டித் தள்ளும் வழியும் ஒரே சமயத்தில் அவனுக்குத் திறந்துவிடும்.

ஆகவே பழக்கமுள்ளவர்கள் ஒரு கையால் எதிரியின் சட்டைக் கழுத்துப் பட்டிகள் இரண்டையும் மார்பின் நடுவில் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். மற்றொரு கையை அவன் இடுப்பெலும்பருகே வைத்து, அவன் இடுப்பு அசையாமல் பார்த்துக்கொள்வார்கள். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கும். புதிதாகக் கற்கிறவர்கள் செய்யும் தவறுகளும் இங்கேதான். இரண்டு கைகளையும் நீட்டி எதிரியின் மார்பைத் தள்ளுவார்கள். நீட்டிய கை பூட்டப்படும். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் அவனுடைய கணுக்கால் முடிச்சை அவிழ்க்கப் பார்ப்பார்கள். ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயும் இருக்கும் அந்தக் கணந்தான் முக்கோணப் பூட்டுக்கு முகூர்த்தம். இன்னும் சிலர் முழங்கை நுனியால் எதிரியின் தொடையின் உட்புறத்தைக் குடைவார்கள். இது நேற்றுச் சேர்ந்த மாணவனை அலறவைக்கும். அநுபவசாலியோ பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, குனிந்த தலையைப் பிடித்துவிடுவான். குடைந்தவன் பாடு திண்டாட்டம்.

இனி விவாதம். மண்டியிடும் கட்சியார் சொல்வது: நிலத்தோடு நெருங்கியிருப்பவனைக் கவிழ்ப்பது கஷ்டம். ஒரு முழங்காலை எதிரியின் ஆசனத்துக்கு அடியில், நடு எலும்பை நோக்கி ஆப்புப்போல் செருக வேண்டும். மற்றொரு காலைப் பக்கவாட்டில் பின்னுக்கு நீட்டிக்கொள்ள வேண்டும். பிறகு நிமிர்ந்த முதுகோடு பின்னால் மெல்ல உட்கார்ந்தால், பின்னிய கணுக்கால்களின்மேல் இழுப்பு ஏறிக்கொண்டே போய், முடிச்சு தானே அவிழும். அவசரம் வேண்டாம், பலாத்காரமும் வேண்டாம். குட்டையானவர்களுக்கும், உயரமாக எழுந்தால் நிதானம் தவறுகிறவர்களுக்கும் இதுவே உகந்தது என்பது இவர்கள் கட்சி.

இந்தப் பாகத்தைப் படிக்கும்போது தமிழ் வாசித்தவர்களுக்குப் புறநானூற்றின் எண்பதாம் பாட்டு நினைவுக்கு வராமலிராது. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். தந்தை தித்தனோடு மனஸ்தாபப்பட்டுப் பிரிந்திருந்த இளவரசன் அவன். அவனுடைய ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்தி மடங்கியிருக்கிறது. மற்றொரு கால் மல்லன் செய்யும் தந்திரங்களைத் தடுத்துக்கொண்டு பின்புறம் ஊன்றியிருக்கிறது. தித்தன் மனம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இந்தக் காட்சியைக் காணட்டும் என்கிறார் புலவர். 1894-ல் மகாமகோபாத்தியாயர் சாமிநாதையர் அச்சேற்றிய அந்த நூலில், மற்போரில் எந்தக் கால் எங்கே இருந்தது என்பதை இவ்வளவு நுட்பமாகக் கண்ட கண்ணை என்னவென்று சொல்வது! ஒரு கால் நடுவில், ஒரு கால் பின்னால் என்ற அந்த அமைப்பு, இன்று ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் காட்டும் நிலைக்கு மிகவும் அண்மையது. இதை வைத்துக்கொண்டு ஜுஜுத்ஸு உறையூரில் பிறந்தது என்று மேடையேறிப் பேச யாரும் புறப்பட வேண்டாம். மனித சரீரத்துக்கு எங்கும் இரண்டு முழங்கால்களே. புத்தியுள்ளவர்கள் அவற்றை வைக்கத்தக்க இடங்களும் சிலவே. ஆனால் நம்மவர்கள் அந்த இடத்தைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதில் நமக்குப் பெருமை இருக்கலாம்.

எழுந்து நிற்கும் கட்சியார் வேறு நியாயம் பேசுகிறார்கள். மண்டியிட்டிருக்கும்வரை எதிரியின் தொடைகள் தங்கள் முழு பலத்தோடு வேலை செய்கின்றன. அவன் உடலின் பாரத்தைத் தரை சுமக்கிறது. நாம் எழுந்து நின்றுவிட்டாலோ அவன் பாரத்தை அவனுடைய கணுக்கால் முடிச்சே சுமக்க வேண்டும். பூமியின் ஆகர்ஷண சக்தி நம் கட்சியில் சேர்ந்துவிடுகிறது. எவ்வளவு நேரந்தான் ஒருவன் இடுப்பில் தொங்குவான்? எழுந்த பிறகு அவனுடைய ஒரு முழங்காலைக் கையால் கீழ்நோக்கித் தள்ளி, இடுப்பை முன்னே கொடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினால் முடிச்சு அவிழும். தவிர, நின்றவன் கழுத்து எட்டாத தூரத்தில் இருக்கிறது.

இதற்கு மண்டியிடும் கட்சியின் பதில்: 'கழுத்து எட்டாது, சரி; கணுக்கால் எட்டுமே!' வாஸ்தவந்தான். கீழே இருப்பவன் நின்றவனுடைய இரு கணுக்கால்களையும் கைகளால் பற்றிக்கொண்டு, இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினால், நின்றவன் அடியற்ற மரம்போல் பின்னால் சாய்வான். பந்தயத்தில் இப்படிப் புரட்டியவனுக்கு இரண்டு புள்ளி. காவலைக் கடந்து பக்கத்தில் போய் அமர்ந்தவனுக்கு மூன்று புள்ளி. இந்த ஆபத்துக்கு எழுவோர் கட்சியில் ஒரு பரிகாரம் உண்டு. எழுவதற்கு முன் எதிரியின் ஒரு கைச் சட்டையை மணிக்கட்டருகே கெட்டியாகப் பிடித்துவிட வேண்டும். எந்தப் பக்கத்துக் கை பிடிபட்டிருக்கிறதோ அந்தப் பக்கத்துக் காலைத்தான் முதலில் ஊன்ற வேண்டும். அந்தக் காலைப் பற்ற அவனிடம் கையில்லை. ஒற்றைக் கையால் இரண்டு கால்களையும் அவன் பிடிக்க முடியாதன்றோ?

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு: எழுந்து, தொங்குகிறவனை அப்படியே தூக்கித் தரையில் அறைவது. பீமன் அதைத்தான் செய்திருப்பான். ஜுஜுத்ஸு பந்தயத்தில் இப்படி அறைந்தவன் உடனே வெளியேற்றப்படுவான். கழுத்தும் தண்டெலும்பும் சம்பந்தப்பட்ட விஷயமாதலால் இந்தச் சட்டம் முற்றிலும் நியாயமானதே.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். நம் நாட்டுக் கோதாவிலிருந்து இந்த வித்தைக்குப் போகிறவர்கள் எழுந்து நிற்கும் வழியையே முதலில் கற்க வேண்டும். தண்டாலும் பஸ்கியும் ஆயிரக்கணக்கில் போட்டு வளர்த்த தொடையும் இடுப்பும் அவர்களுக்கு இருக்கின்றன. ஒரு ஆளின் பாரத்தோடு உட்கார்ந்து எழுவது அவர்களுக்குப் புதிதல்ல. மண்டியிட்டபடியே இருந்தால், மார்போடு மார்பு அழுத்தும் பழைய வாசனை அவர்களைக் கீழே இழுக்கும். தடித்த சட்டையணிந்த பந்தயத்தில், எதிரி கழுத்துப் பட்டியை ஆழமாகப் பிடித்திருக்கும்போது, அந்தப் பிடியை அவிழ்க்கும்வரை மண்டியிட்டிருப்பது விவேகம். பிடி விட்டதும் எழ வேண்டும். வெற்றுடம்பில் வியர்வை வழுக்கும் பந்தயத்தில் அதுவும் வேண்டியதில்லை.

பந்தயத்தில் இறங்க எண்ணமில்லாமல், தற்காப்புக்காகக் கற்கிறவர்கள் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. அவர்களுக்குக் காவலைக் கடந்து மூன்று புள்ளி வாங்குவது நோக்கமன்று. எழுந்து ஓடிவிடுவதுதான் நோக்கம். மண்டியிட்டவன் ஓட முடியாது.

இதே நிலையை மறுபுறம் திருப்பிப் பார்த்தால், குடும்பஸ்தர்களுக்கு அதிக முக்கியமான பாடம் அங்கே இருக்கிறது. பலசாலியான ஒரு துஷ்டன் ஒரு பெண்ணைக் கீழே தள்ளிவிட்டால் அவள் இருக்கப்போவது மல்லாந்த நிலையில்தான். தள்ளப்பட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் பெண்ணும், இடுப்பையும் கால்களையும் நடுவே கொண்டுவந்து தூரத்தைத் தன் வசத்தில் வைத்துக்கொள்ளத் தெரிந்த பெண்ணும் ஒரே ஸ்திதியில் இருப்பவர்கள் அல்லர். காவல் கட்டத் தெரிந்தவள் எதிரியின் தலையைக் கீழே இழுத்துப் பிடித்தால் அவனால் குத்துவதற்குக் கை ஓங்க முடியாது. அவன் நிமிர முயலும் கணத்தில் கால்களை அவன் இடுப்பில் ஊன்றித் தள்ளிவிட்டு எழலாம். இந்தக் கோட்டை பலமுள்ளவனுக்காகக் கட்டப்பட்டதல்ல. அதைத் தகர்ப்பது எப்படி என்று அண்ணன் கற்கும்போது, அதைக் காப்பது எப்படி என்று தங்கையும் உடன் கற்பதே சரி. ஒருவர் இல்லாமல் மற்றவருடைய பாடம் நடக்காது.

பள்ளிகளில் இதைப் பழக்கும் முறை எளிது. கெட்டியான விரிப்பு வேண்டும்; தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இருக்கவேண்டும். புத்தகத்தைப் பார்த்து வீட்டுக் கூடத்தில் முயல்வதற்குரியதல்ல கழுத்து சம்பந்தமான வித்தை. ஏறக்குறைய ஒரே எடையுள்ள இருவர் காவல் நிலையிலேயே ஆரம்பிக்கிறார்கள். மேலே இருப்பவரின் வேலை நிமிர்ந்து, திறந்து, கடப்பது. கீழே இருப்பவரின் வேலை குனியவைத்து, பூட்டி, புரட்டுவது. முதல் சில வாரங்கள் பூட்டே வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. தலை குனிந்தால் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தால் போதும் என்பார்கள். பூட்டு விழுந்தால், வலி வருவதற்கு முன்பே எதிரியின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டிய கணமே அவர் விட்டுவிட வேண்டும்; இதில் தயவு தாட்சண்யமோ, 'இன்னும் கொஞ்சம்' என்ற பேச்சோ கிடையாது. மூன்று நிமிஷம் ஆனதும் மேலே இருந்தவர் கீழே படுத்துக்கொள்வார்.